மறைத்து வைத்த ஞானஸ்நானப் பதிவு

இருபத்தாறு வருடமாக நான் ஒரு தேவாலய ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். டார்ம்ஸ்டாட்டில் வீடு, அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். சுற்றுவட்டாரச் சபைகளின் பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளெல்லாம் எங்களிடம்தான் இருக்கின்றன. முந்நூறு வருடத்துக்கு முந்திய போதகர்களின் கையெழுத்தை இன்றைக்கு ஜெர்மன்காரரே வாசிக்கத் திணறுவார்கள். நான் வாசிப்பேன். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பாடத்துக்கு இரண்டு வருடம் தனிவகுப்பில் இருந்தவள் நான். விண்ணப்பித்த பதினாறு இடங்களில் தொழிற்பயிற்சி தருகிறோம் என்று சொன்னது அந்தக் காப்பகம் ஒன்றுதான். சேர்ந்த பிறகுதான் அந்த எழுத்தின் மேல் எனக்கு ஒரு வெறி வந்தது.

எங்கள் வாசிப்பறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் முன்னோரைத் தேடி வருகிறவர்கள். அமெரிக்காவிலிருந்துகூட வருவார்கள். யாரோ ஒருவருடைய பூட்டனுக்குப் பூட்டன் எந்தக் கிழமையில் ஞானஸ்நானம் பெற்றான், யார் அவனைக் கையில் ஏந்தி நின்றார்கள் என்று நான் எடுத்துக் கொடுப்பேன். சிலர் அழுவார்கள். நான் அடுத்த புத்தகத்தை எடுக்கப் போவேன். பொறாமைப்பட எனக்குத் தோன்றியதே இல்லை, அந்தச் செயலாளரைச் சந்திக்கும் வரை.

அவர் அறுபதை நெருங்கிய அமெரிக்கப் பெண். ஜெர்மன்காரரைக் கட்டி முப்பது வருடத்துக்கு மேலாக இங்கேயே இருப்பவர். மாலை வகுப்புகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். அதோடு பெண்கள் சங்கம் ஒன்றின் எங்கள் பகுதிக் கிளைக்குச் செயலாளர். அமெரிக்கா பிரித்தானிய முடியின் கீழ் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் அங்கே வாழ்ந்த ஒருவருடைய நேரடி வாரிசு என்று நிரூபித்தால்தான் அந்தச் சங்கத்தில் சேரலாம். வாய்வார்த்தை செல்லாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, விவாகம், இறப்பு என்று தாள் வேண்டும். ஒரு முன்னோரை நிரூபித்தவருக்கு ஒரு கரும்பச்சை நாடா தருவார்கள். அதற்கு மேல் நிரூபிக்கும் ஒவ்வொருவருக்கும் நாடாவில் குத்த ஒரு பொன்னிறப் பட்டை. செயலாளருடைய நாடாவில் ஏழு பட்டைகள் இருந்தன.

எட்டாவதற்காகத்தான் அவர் என்னிடம் வந்தார். ஓடன்வால்ட் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சணல் நெசவாளர் குடும்பத்தோடு கப்பலேறியிருக்கிறார். அவருடைய மகள் அங்கே வளர்ந்து, கலியாணம் முடித்து, விதவையாகி, ஒரு மாவு ஆலையைத் தனியே நடத்தி, சுதந்திரப் போரின்போது படைக்கு மாவு கொடுத்திருக்கிறாள். அமெரிக்காவில் அவளைப் பற்றிய தாள்களெல்லாம் இருந்தன. அவள் அந்த நெசவாளரின் மகள்தான் என்பதற்கு இங்கே பிறந்தபோது எழுதிய பதிவு மட்டும் கிடைக்கவில்லை. அவர்களுடைய கிராமத்துப் புத்தகத்தில் அந்த வருடங்களில் அவள் பெயர் இல்லை.

அவர் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற விதம் எனக்கு முதலில் பிடித்திருந்தது. அடுத்த தெருவில் இருக்கிற சினேகிதியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். கோபக்காரியாம். ஆலையின் பங்குக்காக மைத்துனனை நீதிமன்றத்துக்கு இழுத்தவளாம். கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு சிலுவைக் குறி போட்டிருக்கிறாள், அதன் நகலைப் பணப்பைக்குள் வைத்திருந்தார். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். சித்திரை மாதம் அது. பிறகு தங்கள் சங்கத்தின் தேநீர்க் கூட்டத்தில் பழைய எழுத்தை வாசிப்பது பற்றி அரை மணி நேரம் பேச வர முடியுமா என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன்.

ஒரு விடுதியின் பக்க மண்டபத்தில் கூட்டம். இருபது பெண்கள் இருந்திருப்பார்கள். ஜெர்மன்காரரைக் கட்டியவர்கள், கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பாதவர்கள், அவர்களின் வளர்ந்த மகள்மார். எல்லோர் மார்பிலும் அந்த நாடா. எலுமிச்சைக் கேக் வைத்திருந்தார்கள். கூட்டம் தொடங்கியதும் செயலாளர் பெயர்ப் பட்டியலை வாசித்தார். தன் பெயர் வந்ததும் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று, 'இருக்கிறேன்' என்பதற்குப் பதிலாகத் தன் முன்னோரின் பெயரைச் சொன்னாள். தச்சன் ஒருவன். போதகர் ஒருவர். ஓடக்காரன் ஒருவன். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்துப்போனவர்கள் வரிசையாக அந்த மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. நான் கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட முடியவில்லை.

என் பேச்சு நன்றாகத்தான் போனது. முடிந்த பிறகு வயதான உறுப்பினர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்களுடைய முன்னோரை எதுவரை கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எனக்கு அம்மாவின் அப்பா வரைதான் தெரியும். அவர் சபை மூப்பராக இருந்தார், சைக்கிள் வைத்திருந்தார் என்பதோடு சரி. அதற்கு மேலே போக நான் ஒருநாளும் முயற்சி செய்ததில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது கேட்டதுமில்லை. ஆனால் அதை அந்த நாடாக்களுக்கு நடுவில் என்னால் சொல்ல முடியவில்லை.

"எங்கள் பதிவுகளெல்லாம் போரில் எரிந்துவிட்டன" என்றேன்.

அந்த முதியவர் என் கையைத் தொட்டார். செயலாளரின் கண் கலங்கியிருந்தது. எத்தனையோ பேருக்கு உண்மையில் எரிந்திருக்கிறது. அவர்களுடைய இழப்பை எடுத்து நான் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற ரயிலில் வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைவிட, ஏழு பட்டை வைத்திருக்கிற ஒருத்தி எட்டாவதும் கேட்கிறாளே என்ற எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

ஆடி மாதத்தில் அந்தப் பதிவு கிடைத்தது. அந்தக் கிராமத்துக் கோயிலின் கூரை ஒரு பனிக்காலத்தில் இடிந்து விழுந்ததாக வேறொரு கடிதத்தில் தற்செயலாக வாசித்தேன். அப்படியானால் அந்த வருடத்துக் குழந்தைகளை எங்கே கொண்டுபோயிருப்பார்கள்? மலைக்கு அந்தப் பக்கமுள்ள சபையின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் அவள் வந்துவிட்டாள். தகப்பன் சணல் நெசவாளர், தாயின் பெயர், ஞானத்தாயின் பெயர், எல்லாம் சரி. ஓரத்தில் வேறு மையில், பிற்காலத்துப் போதகர் ஒருவர், 'பெற்றோரோடு புதிய உலகத்துக்குப் போனாள்' என்று எழுதியிருந்தார். இதைவிடத் தெளிவான சான்று ஒரு காப்பகக்காரியின் வாழ்நாளில் நாலைந்து தரம்தான் கிடைக்கும்.

தொலைபேசியை எடுத்தேன். அவருடைய எண்ணில் பாதியை அழுத்திவிட்டு வைத்தேன். வழக்கம்போல ஒரு துண்டுத்தாளில் புத்தக எண்ணையும் திகதியையும் எழுதிப் பக்கத்துக்குள் வைத்துவிட்டு, புத்தகத்தை மூடி, அலமாரித் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவரே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், ஏதாவது கிடைத்ததா என்று. 'இன்னும் இல்லை' என்று பதில் எழுதினேன். அதை எழுதியபோது எனக்குக் கிடைத்த திருப்தி இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சுகமான, சின்னத்தனமான திருப்தி. நான் சொன்னால்தான் அவள் பிறப்பாள். நான் சொல்லும்வரை இந்தச் செயலாளருக்கு அவள் இல்லை.

அப்படியே ஆவணி போனது, புரட்டாசி போனது. ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் அவர் எழுதுவார். ஒவ்வொரு தரமும் நான் 'இன்னும் இல்லை' என்பேன்.

அந்த மாதங்களில்தான் பொறாமை தாங்காமல் எனக்கென்று ஒரு முன்னோரைத் தேட ஆரம்பித்தேன். அம்மா இல்லாதபடியால் சின்னம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அம்மாவின் தங்கை, பான் நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஜெர்மனி முழுவதும் எங்கள் ஆட்கள் கலியாணப் பேச்சென்றால் முதலில் சின்னம்மாவுக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். இன்ன ஊர், இன்ன வீடு என்று சொன்னால், அவை ஆர், அவையின் தாயை எந்த வீட்டில் பெண் எடுத்தது, யாரோடு கலந்தவை என்று மூன்று தலைமுறைக்கு ஒப்புவிப்பார். 'நல்ல ஆக்கள்' என்று சின்னம்மா சொன்னால் பேச்சு மேலே போகும். 'எனக்குத் தெரியாதப்பா' என்று ஒரு மாதிரி இழுத்தால் அதோடு நின்றுவிடும். அவருடைய அந்த ஞாபகத்தின் மேலும் எனக்கு ஒரு பொறாமை உண்டு. மற்றவர்களுடைய வம்சத்தை அவ்வளவு தெரிந்தவர் எங்களுடையதை ஒருநாளும் விரித்துச் சொன்னதில்லை.

கேட்டபோது முதலில் சலித்துக்கொண்டார்.

"எங்கடை ஆக்கள் ஆரெண்டு ஊருக்கே தெரியும். உதுக்கு ஏன் பிள்ளை கடதாசி?"

விடாமல் கேட்டேன். அவருடைய பூட்டி, அதாவது எனக்கு ஓட்டி முறையான ஒருத்தி, அமெரிக்க மிஷனரிமார் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் படித்தவளாம். அங்கேதான் அவளை வேதத்துக்குச் சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். குடும்பத்தில் முதல் எழுத்தறிந்த பெண் அவள்தானாம்.

"அவவின்ரை பேர் வெள்ளைக்காரப் பேர். அங்கை அமெரிக்காவிலை ஆரோ ஒரு பொம்பிளை இவவின்ரை படிப்புக்குக் காசு அனுப்பினவவாம். அவவின்ரை பேரைத்தான் இவவுக்கு வைச்சவை. முந்தின பேர் என்னெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சின்னம்மா அந்தப் பெயரை முதலில் சொன்னபோது ஏதோ தமிழ்ச் செல்லப் பெயர் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டு நாக்குகளில் நூறு வருடம் உருண்டு அது அப்படித் தேய்ந்திருந்தது. காகிதத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்த அந்நியப் பெயர் தெரிந்தது.

மிஷனரிமாரின் தாள்கள் இருக்க வேண்டிய இடத்தை எனக்குத் தொழில்முறையில் கண்டுபிடிக்கத் தெரியும். அமெரிக்காவில் ஒரு நூலகத்தில் இருந்தன. பட்டியலை இணையத்தில் பார்க்க முடிந்தது, தாள்களைப் பார்க்க யாராவது நேரில் போக வேண்டும். அந்த நூலகம் இருக்கிற நகரத்தில் செயலாளருடைய அக்கா இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருந்தார்.

இரண்டு வாரம் யோசித்தேன். பிறகு கேட்டேன். அவருடைய பதிவை என் அலமாரியில் வைத்துக்கொண்டே, எனக்கு ஒரு உதவி செய்ய முடியுமா என்று அவரிடம் கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. அக்காவிடம் சொல்லிவிட்டாராம். இப்படி ஒரு வேலை கிடைத்ததில் அக்காவுக்குப் பெரிய சந்தோஷமாம். கடைசியில் ஒரு வரி: தன் ஆலைக்காரியைப் பற்றி ஏதாவது உண்டா?

'இன்னும் இல்லை' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. ஐப்பசியில் ஒருநாள் காலை, முன்பதிவாக டெர்மின் எதுவும் எடுக்காமல், வாசிப்பறைக்குள் வந்து நின்றார். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. அவருடைய கணவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் எதுவும் கண்டுபிடிக்காததால், தானே அந்த மலைக் கிராமத்துக்குப் போய்க் கல்லறைக் கற்களை வாசித்துப் பார்க்கலாம் என்று போயிருக்கிறார். மழை. ஈர இலையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அத்தனை பழைய கல் அங்கே ஒன்றுமே இல்லையாம்.

பிறகு இடது கையால் பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்னிடம் வந்து இரண்டு நாள் ஆகிறது. எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். இரண்டு நாள் வைத்திருந்ததற்கு மன்னிக்க வேண்டும்."

உள்ளே விடுதிப் பள்ளியின் சேர்வுப் பட்டியலிலிருந்து ஒரு பக்கத்தின் நகல் இருந்தது. தெளிவான ஆங்கிலக் கையெழுத்து, கோடு போட்ட கட்டங்கள். எங்கள் ஓட்டி ஒன்பதாவது வரியில் இருந்தாள். முதல் கட்டத்தில் அவளுக்குக் கொடுத்த பெயர். அடுத்ததில் வீட்டில் வைத்த பெயர். அதைக் கண்டதும் எனக்கு வாசிப்பறை மங்கிவிட்டது. நல்ல தமிழ்ப் பெயர். அந்தப் பெயரில் என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அடுத்த கட்டத்தில் வயது எட்டு. அடுத்ததில், 'கொள்ளை நோய்க்குப் பின் தாயால் கொண்டுவந்து விடப்பட்டாள்.' அடுத்ததில், தகப்பன்: 'இறந்துவிட்டார். கள் இறக்குபவர்.'

நான் அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். அந்தச் சொல்லைப் பற்றித் தேடி வாசித்ததாகச் சொன்னார். உங்கள் ஊரில் அது வெறும் தொழிலின் பெயர் மட்டுமில்லை என்று விளங்கியது, அதுதான் தயங்கினேன், ஆனால் உங்களுடையதை உங்களிடமிருந்து மறைக்க எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன் என்றார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது.

"எல்லாம் எரிந்து போகவில்லை, பார்த்தீர்களா?"

நான் எழுந்து புத்தக அறைக்குப் போனேன். போகும்போது எனக்குள் இருந்தது நல்ல எண்ணம் மட்டுமில்லை. அதை மறைக்காமல் எழுத வேண்டும். அவருடைய பதிவை இப்போதே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், உண்மைதான். ஆனால் அன்று காலைதான் கிடைத்தது என்று சொல்லப் போகிறேன் என்றும் படியில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வசனத்தைக்கூட மனதுக்குள் தயார் செய்தேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்து நுரை மெத்தையில் வைத்துத் திறந்தேன். அது தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது, துண்டுத்தாள் உள்ளே இருந்ததால். அதை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. செயலாளர் குனிந்தார். பழைய எழுத்து அவருக்கு வாசிக்க வராது. என் எழுத்தைத்தான் முதலில் வாசித்தார். புத்தக எண். அதன் கீழே ஆடி மாதத்துத் திகதி.

இடது கை விரலை அந்தத் திகதியின் மேல் வைத்தார். பிறகு அந்தப் பக்கத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். விரலால் காட்டினேன். வரி வரியாக வாசித்துச் சொன்னேன், ஓரத்தில் இருந்ததையும். என் குரல் வாசிப்பறைக் குரலாக இருந்தது, எல்லோருக்கும் வாசித்துக் கொடுக்கிற குரல். அவர் இடது கையால் நகல் கேட்கும் படிவத்தை நிரப்பினார். எழுத்துகள் கோணலாக வந்தன. நிரப்பி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உங்களுக்கு என்ன செய்தேன்?"

"ஒன்றும் செய்யவில்லை" என்றேன். "உங்களிடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை."

மன்னிப்பும் கேட்டேன். போரில் எரிந்ததாகச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் தலையை அசைத்தார், அது ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கணவர் வந்து பையை எடுத்தார். போகும்போது செயலாளர் மாவுக்கட்டுக் கையால் கதவைத் தள்ள முயன்று முடியாமல், தோளால் தள்ளிக்கொண்டு போனார். நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

அன்று மாலையே மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் சேர்ந்தது. இருபத்தாறு வருடத்தில் முதலாவது.

அந்த வார இறுதியில் பானுக்குப் போனேன். இப்படியான விஷயத்தைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. சின்னம்மா சோபாவில் கால் நீட்டி இருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஓட்டியின் பழைய பெயரைச் சொன்னதும் சின்னம்மா எழுந்து நேராக உட்கார்ந்தார். இரண்டு தரம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நான் கடைசிக் கட்டத்தைத் தமிழில் வாசித்தேன்.

முகம் அப்படியே இறுகிவிட்டது. தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆங்கிலம் கொஞ்சம் வாசிப்பார்.

"நீ வாசிச்சது சரியோ? அந்தக் காலத்து எழுத்தெல்லோ?"

"சரி சின்னம்மா. அச்செழுத்து மாதிரிக் கிடக்கு, பாருங்கோ."

"வேறை ஆரும் பிள்ளையா இருக்கலாமே. அந்தப் பேரிலை எத்தினை பேர் இருந்திருப்பினம்."

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்காகவே நான் பார்த்து வைத்திருந்தேன். கொடுத்த பெயர், ஊர், பின்னால் அவளைக் கட்டிய உபதேசியாரின் பெயர் என்று ஓரத்தில் பிறகு சேர்த்து எழுதியது, எல்லாம் அதே வரியில் இருந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். காட்டும்போது எனக்குள் மறுபடியும் அந்தச் சின்னத்தனமான சுகம் எட்டிப் பார்த்தது. எத்தனை வீட்டுக் கலியாணப் பேச்சை இழுத்து நிறுத்திய வாய் என்று. உடனே சின்னம்மாவின் கையைப் பார்த்தேன். அது தாளின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை."

"எட்டு வயசுப் பிள்ளை, சின்னம்மா. தகப்பன் செத்து, தாய் கொண்டுவந்து விட்டிருக்கிறா."

"எனக்கு விளங்குது. சொல்லாதை எண்டுதான் சொல்லுறன்."

தேநீர் போட எழுந்து போனார். வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றார். திரும்பி வந்தபோது தேநீர் இல்லை. தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய், தன்னுடைய பாஸ்போர்ட்டும் மருத்துவத் தாள்களும் வைத்திருக்கிற கோப்புக்குள் செருகினார். என்னிடம் வேறு நகல் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

நான் யாருக்கும் சொல்லவில்லை, இதை எழுதும் வரை. மாசி மாதத்தில் சின்னம்மாவின் மகள் வேறு எதையோ பேசும்போது ஒரு விஷயம் சொன்னாள். அம்மாவுக்கு ஞாபகசக்தி குறைகிறதோ என்று பயமாக இருக்கிறதாம். ஹம் நகரத்திலிருந்து யாரோ மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். ஊரையும் வீட்டையும் சொன்னார்களாம். "எனக்கு உதெல்லாம் தெரியாது, பெடியனும் பெட்டையும் என்ன சொல்லினம் எண்டு கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாராம். ஞாபகத்துக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே என்று சொன்னேன்.

செயலாளர் எட்டாவது பட்டையைப் பங்குனியில் வாங்கினார். எனக்கு அழைப்பு வரவில்லை. சங்கத்தின் செய்தித்தாளில் படம் பார்த்தேன். அவர்கள் எங்கள் நூலகத்துக்கு அதை அனுப்புவார்கள். கையில் மாவுக்கட்டு இல்லை, முடியைக் கத்தரித்திருந்தார். கீழே ஒரு பத்தியில் பதிவு கிடைத்த கதை இருந்தது. அடுத்த சபையின் புத்தகத்தில் ஒரு காப்பக ஊழியர் கண்டுபிடித்ததாக மட்டும் எழுதியிருந்தது. மூன்று மாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்தான் எழுதியிருப்பார், செயலாளர் என்பதால். என்னை அப்படியே விட்டுவிட்டது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அந்தப் படத்தில் அவரைச் சுற்றி நின்று சிரித்த பெண்களைப் பார்த்தபோது, அந்த வரிசையில் என்னால் நிற்க முடியாது என்பதுதான் முதலில் சுட்டது.

கடிதம் ஒன்று எழுதினேன். நீளமில்லை. அவருடைய அக்காவுக்கு நன்றி, அவருக்கு மன்னிப்பு. அக்காவிடமிருந்து ஒரு அட்டை வந்தது, நூலகத்துப் படம் போட்டது. அவரிடமிருந்து வரவில்லை.

இந்த வைகாசியில் அவர் வாசிப்பறைக்கு மறுபடியும் வந்தார். ஒன்பதாவது பட்டைக்கு ஆளைத் தேடுகிறாராம். அந்த ஆலைக்காரியின் கணவருடைய பக்கம். என்னிடம் வரவில்லை. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற என் சகபணியாளர் ஒருவரிடம் டெர்மின் எடுத்திருந்தார். வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். பிறகு இருவரும் சன்னலோர மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். சகபணியாளர் நல்ல மனிதர், ஆனால் பதினேழாம் நூற்றாண்டு எழுத்து அவருக்குச் சரளமாக வராது. அவர் ஒவ்வொரு சொல்லாகத் தட்டித் தடவி வாசிக்க, செயலாளர் பொறுமையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெயரை அவர் பிழையாக வாசித்தது எனக்கு இங்கேயிருந்தே கேட்டது. அந்த மேசையில் சகபணியாளருடைய இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று வயிறு எரிந்தது.

எழுந்து போனேன். மன்னிக்கவும், அந்த மூன்றாவது எழுத்து 'ஹெச்' என்று சொன்னேன். சகபணியாளர் குனிந்து பார்த்து, ஓம் என்று ஒத்துக்கொண்டார். செயலாளர் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுச் சரியாக எழுதினார்.

"நன்றி" என்றார், என்னைப் பார்க்காமல். ஒரு கணம் கழித்து, "அடுத்த வரியும் இவருக்கு வராது" என்றார்.

நாற்காலி ஒன்றும் காட்டவில்லை. நின்றபடியே அடுத்த வரியை வாசித்தேன்.